இடது முன்சக்கரத்துப் போல்ட்

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அந்தக் கறுப்புக் கார் என் ஷெட்டுக்கு வந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் என் ஷெட். நாளெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி போகும், நாளெல்லாம் புழுதி விழும். காரை ஓட்டி வந்தவர் லெப்பைக்குடிக்காடு ஆகிப். துபாயிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. வேகத்துக்கென்றே செய்த வண்டி, திருச்சியில் ஒரு புரோக்கரிடம் பழசாக வாங்கியிருந்தார்.

"மணிவண்ணன் அண்ணே, இத மாட்டித் தரணும்" என்று ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே பிரேக் ஆயில் போகும் ஹோஸ்கள் நான்கு. ரப்பருக்குப் பதிலாக வெளியே எஃகுக் கம்பிப் பின்னல். ரப்பர் ஹோஸ் சூட்டில் கொஞ்சம் உப்பும், இது உப்பாது. மிதித்த மிதி அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

"ஜும்மா முடிஞ்சு வந்து நானே பெடல் மிதிச்சுத் தரேன். அப்புறம் ஹுமாவையும் புள்ளையையும் ஜெயங்கொண்டம் கூட்டிட்டுப் போவணும். மூணு மாசக் கைக்குழந்தைண்ணே, நல்லாப் பாத்துச் செய்ங்க."

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்துவிட்டார். இனி ஒன்றரை மணி நேரம் நானும் காரும்தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஹோஸைப் பிடிக்கும் பிரேக் போல்ட்டை இறுக்கியதும், போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும், சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் காலிப்பர் வரை நகப்பாலிஷால் ஒரு கோடு இழுப்பேன். என் மனைவி பூங்குழலியின் ரோஸ் நிறப் பாலிஷ். கோடு இருந்தால் மணிவண்ணன் இறுக்கிவிட்டான் என்று அர்த்தம். பின்னால் போல்ட் அசைந்தால் கோடு ஒடிந்து காட்டிக்கொடுக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். இடது முன்சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் அழுக்கைத் துணியால் துடைத்தேன்.

ரோஸ் கோடு.

பழைய கோடு, பாதி உதிர்ந்தது. போல்ட்டில் ஒரு துண்டு, காலிப்பரில் ஒரு துண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் ஒரு விரல் அகலம் இருந்தது.

கறுப்புப் பெயிண்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் பச்சை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியைப் பச்சை நிறத்தில் கொண்டுவந்தவன் செந்துறை பூவரசன். இருபத்தாறு வயது. வாயைத் திறந்தாலே "அண்ணே" என்றுதான் ஆரம்பிப்பான். அவனுக்கும் ஹோஸ்தான் மாற்றினேன், அது ரப்பர். மூன்று சக்கரம் இறுக்கி முடித்தபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து, பாலிஷை எடுத்து நாலு போல்ட்டிலும் கோடு இழுத்தேன். "அண்ணே, இறுக்கிட்டீங்களா?" என்று கேட்டான். "எல்லாம் இறுக்கியாச்சு, கிளம்பு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஆலத்தியூர் வளைவில் லாரிக்கு அடியில் போனான்.

ஊரே வேகம் என்றது. நானும் துக்க வீட்டில் நின்று வேகம் என்றேன். ராத்திரியில் மட்டும் நாலாவது போல்ட் ஞாபகம் வரும். இறுக்கினேனா இல்லையா? இறுக்கியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே நாலு வருஷம் தூங்கிவிட்டேன். இப்போது கோடு ஒடிந்து கிடந்தது. எனக்குப் பிறகு, நொறுங்கிய வண்டியைச் சரிசெய்து கறுப்பு அடித்த யாரோ ஸ்பேனர் போட்டு, ஒரு விரல் அகலம் திருகி இறுக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் நான் கோடு போட்டபோது அது இறுகவில்லை.

இந்த வண்டி என் ஷெட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. பழைய ஹோஸைக் கழற்றி, புதுசின் போல்ட்டை விரலால் திருகி வைத்துவிட்டு மற்ற சக்கரங்களுக்கு ஓடினேன். மாட்டினேன், இறுக்கினேன், நாலு போல்ட்டிலும் கோடு இழுத்தேன். இனிப் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்து காற்றோடு ஆயிலை வெளியேற்றுவார்.

பின்சக்கரத்தில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது கார்க் கதவு திறந்து மூடியது. சீட் அமுங்கியது.

"வந்துட்டீங்களா பாய்? மிதிங்க."

பெடல் ஏறி இறங்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

"பிடிங்க."

"பிடிச்சிருக்கேண்ணே."

நிப்பிளைத் திறந்தேன். குமிழி குமிழியாக ஆயில் வந்தது. மூடினேன். "விடுங்க." விட்டார். நல்ல கால். துபாய் ஆளுக்கு இவ்வளவு நிதானமா என்று நினைத்துக்கொண்டேன். பின்சக்கரம் இரண்டும் முடிந்தன, வலது முன்சக்கரமும் முடிந்தது. சக்கரக்குழிக்குள் தலையை நுழைத்திருப்பவனுக்கு சீட்டில் இருப்பவர் தெரியமாட்டார். இடது முன்சக்கரத்தை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"மிதிங்க. பிடிங்க."

பதில் இல்லை. ஆயில் வந்தது, நிப்பிளை மூடினேன்.

"விடுங்க."

விடவில்லை.

"பாய், விடுங்க."

வண்டியின் பின்னாலிருந்த சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு அப்படியே நின்றது. அப்போதுதான் காதில் விழுந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்னும் பயான் சொற்பொழிவு ஓடிக்கொண்டிருந்தது. தொழுகையே ஆரம்பிக்கவில்லை.

எழுந்து பார்த்தேன்.

சீட்டில் யாரும் இல்லை.

பெடல் தரையோடு அமுங்கியிருந்தது.

சூடான ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. உச்சி வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருக்க, என் பிடரி மட்டும் சில்லிட்டது. காதுக்குப் பக்கத்தில், மிக மெதுவாக, மரியாதையாகக் கேட்டது.

"அண்ணே, இறுக்கிட்டீங்களா?"

குனிந்தேன். இடது முன்சக்கரத்துப் போல்ட்டில் என் புது ரோஸ் கோடு பளபளத்தது. அதற்குக் கீழே ஒரு சொட்டு ஆயில் தொங்கியது.

ஸ்பேனரை வைத்தேன். போல்ட் திரும்பியது. கோடு ஒடிந்தது. இன்னும் திரும்பியது. விரலால் வைத்ததை இறுக்கவே இல்லை. இரண்டாம் தடவையும் அதே சக்கரத்தில் அதே பொய்யை எழுதியிருக்கிறேன், ஒரு கைக்குழந்தை போகிற வண்டியில்.

போல்ட் இறுகி நின்றதும் சுவரில் சிவப்பு அணைந்தது.

மணி நாலைத் தாண்டி ஆகிப் திரும்பி வந்தபோது ஹுமாவும் குழந்தையோடு வந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னண்ணே, காத்து எடுத்துட்டீங்களா? யாரு மிதிச்சா?"

சொல்லிவிட்டேன். பூவரசன், போன், கோடு, இப்போது நடந்தது, எல்லாம். ஆகிப் முகம் வெளுத்து, காரிலிருந்து இரண்டடி பின்னால் போனார். ஹுமாதான் கேட்டார்.

"அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்றீங்க?"

நான் தரையிலிருந்து எழுந்தேன்.

"ஏறுங்க" என்றார் ஹுமா. "செந்துறை வழியாப் போவோம்."

"இந்த வண்டிலயா?" என்றார் ஆகிப்.

"இதுலதான். அந்தப் போல்ட்ட இறுக்க வச்சதே அந்தப் புள்ளதானே."

நாலு போல்ட்டையும் ஆகிப் கண் முன்னால் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். ஆகிப் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆலத்தியூர் வளைவில் எதிரே லாரி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி வழுக்காமல், கை பிடித்து நிறுத்தியது போல நின்றது. ஆகிப் வண்டியை எடுக்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் மிதிக்கலண்ணே" என்று கிசுகிசுத்தார்.

செந்துறையில் பூவரசனின் அம்மா சிந்தாமணியம்மா வீட்டு வாசலில் பொழுது சாய்ந்திருந்தது. காரைச் சாலை ஓரத்தில் நிறுத்திப் பூட்டி, சாவியை ஆகிப் பைக்குள் போட்டார். அந்தம்மாள் கட்டில் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, என் தப்பால்தான் உங்கள் மகன் போனான் என்று சொல்லி முடித்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"வேகமாப் போனான், வேகமாப் போனான்னு நானே அவனத் திட்டிட்டிருந்தேனேய்யா, நாலு வருசமா" என்றார். அதைக் கேட்பதற்குப் பதில் அடியே வாங்கியிருக்கலாம்.

முந்தானையால் கண்ணைத் துடைத்தவர், என் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தார்.

"அந்தத் தம்பிய மட்டும் ஏன் வண்டியிலயே உக்கார வச்சிட்டு வந்தீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

ஆகிப் என் வலப்பக்கம் நின்றார். ஹுமா குழந்தையோடு கட்டிலில் இருந்தார். எங்கள் பின்னாலிருந்து வந்த சிவப்பு வெளிச்சம் அந்த அம்மாளின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.