நானூற்றுப் பதின்மூன்றாவது வரி

நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் நானூற்றுப் பதின்மூன்று இருந்தன.

மீனலோசனி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தாள். ஆடி மாதத்துச் சோழகக் காற்று கரம்பொன் வீட்டு ஓடுகளை விடியற்காலையிலிருந்தே உலுக்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் பனை வடலிகள் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பு, வீட்டின் பின் கோடிப்பக்கத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரின் இரைச்சல், அதன் புகை, கரையில் ஒதுங்கி அழுகும் சாதாளைப் பாசியின் வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து, சாத்திய யன்னலின் இடுக்குகளாலும் உள்ளே வந்தன. இப்படியொரு மத்தியானத்தில் யாருக்குத்தான் எண்ணிக்கை பிழைக்காது? திரையில் முதல் வரியிலிருந்து மறுபடி எண்ணினாள். நானூற்றுப் பதின்மூன்றுதான்.

கொழும்பில் வேலை செய்த காலத்தில் அவளும் கணவன் பரமலிங்கமும் யுனிக்ஸைப் போல ஓர் இயங்குதளத்தைத் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள். அவளுடைய தாயின் ஊரை நினைத்து அதற்கு அனலை என்று பெயர் வைத்தார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்தபோது மற்றப் பெண்கள் தாலிக்கொடியை மறைத்துக்கொண்டு வந்தார்கள். இவள் இரண்டு டிஸ்க்குகளை மறைத்துக்கொண்டு வந்தாள். பிறகு ஆளைப் பிடித்து, கெஞ்சி மன்றாடி, ஒரு கொம்பியூட்டரையும் இரண்டு திரைகளையும் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முன்னறையில் இவளுக்கு ஒரு திரை. சுவரில் துளை போட்டு வயர் இழுத்து, உள்ளறையில் அவருக்கு ஒன்று.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் எழுதிய வரியை மற்றவர் வாசிக்காமல் அது அனலைக்குள் ஏறக்கூடாது. ஏறும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவருடைய பி, அவளுடைய எம், தேதி மூன்றும் இருக்க வேண்டும். "கலியாணப் பதிவுக்குக்கூட நாங்கள் இவ்வளவு கையெழுத்து வைக்கேல்லை, மீனா" என்று பரமலிங்கம் சிரிப்பார்.

அவர் லண்டனுக்குப் போய் இரண்டு வருடம். உள்ளறைக்கு ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பை இவள் இடுப்புக் கொத்தில் கோர்த்துக்கொண்டாள். லண்டனில் ஒரு கம்பனி அனலையை வாங்கி ஊரெல்லாம் விற்கப் போகிறதாம். முழு நிரலும் அச்சில் வேண்டுமாம், கடைசிப் பக்கத்தில் இருவருடைய கையெழுத்தும் வேண்டுமாம். அது போய்ச் சேர்ந்தால்தான் இவளுக்கு வேலைக் கடிதம், அதற்குப் பிறகு விசா. போன கிழமை வந்த டிஸ்க்கோடு அவர் எழுதியிருந்தார்: "லொகினை நீர் பார்க்கத் தேவையில்லை, நான் பார்த்திட்டன். கையெழுத்தை வைச்சுக் கெதியா அனுப்பும்."

உள்ளே வருகிறவரை யாரென்று கேட்டு, கடவுச்சொல் வாங்கிப் பார்த்து விடும் வாசற்காவல் நிரல்தான் லொகின். அதில்தான் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருக்க வேண்டும். பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லியிராவிட்டால் அவள் பார்த்திருக்கவே மாட்டாள்.

காலையில் பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா வேலியால் எட்டிக் கேட்டிருந்தாள். "மீனா, மூண்டு மணிக்குத் தபாற்கந்தோருக்குப் போறன். கையெழுத்து வைச்சு லண்டன் பார்சல் ஆயத்தமோ?"

"ஓம் அக்கா. போகேக்க ஒருக்கா கூப்பிடுங்கோ."

இப்போது மணி இரண்டே கால். அந்த மேலதிக வரியைக் கண்டுபிடித்தாள். சிறிய வரி. மீனா என்ற பெயரில் வருகிறவரிடம் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடு என்றது. கடைசியில் பி. பக்கத்தில் எம். தேதி வைகாசி மாதத்தில் ஒரு நாள். இவள் நெருப்புக் காய்ச்சலில் பாயோடு கிடந்த கிழமை.

அவள் அந்த எம்மைப் போடவில்லை.

விளங்க வெகுநேரம் எடுக்கவில்லை. அனலை ஓடும் எந்த இயந்திரத்துக்குள்ளும் பரமலிங்கம் நினைத்த நேரம் நுழையலாம், எதையும் எடுக்கலாம். பிடிபட்டால் அகப்படுவது மீனாவின் பெயர். வாசலைத் திறந்தவர் அவர், திறப்பு இவளுடைய பெயர். வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டாள். எட்டு வருடமாக எந்தச் சண்டையிலும் அவர்கள் தொடாத ஒன்று அந்த இரண்டு எழுத்து.

வரியை அழித்தாள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றக் கொம்பைல் பண்ணினாள். இருபது நிமிடம் இயந்திரம் முனகிக்கொண்டிருக்க, கன்னத்தைத் துடைத்தபடி கதிரையில் இருந்தாள். முடிந்ததும் திறந்து பார்த்தாள்.

நானூற்றுப் பதின்மூன்று. அதே வரி, அதே பி, அதே எம். தேதி மட்டும் வேறு.

இன்றைய தேதி.

இந்த வீட்டில் தொலைபேசி இல்லை. இயந்திரத்திலிருந்து வெளியே போகும் வயர் ஒன்றுதான், அது சுவர்த் துளையால் உள்ளறைக்குப் போகிறது. லண்டனில் இருக்கும் மனிதனின் கை இங்கே எட்ட வழியே இல்லை. இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று இயந்திரத்திடமே கேட்டாள். இரண்டு தரம் பிழையாகத் தட்டினாள்.

திரையில் இரண்டு வரிகள் வந்தன.

மீனா, முன்னறை.

மீனா, உள்ளறை.

அவர் தனக்காகத் திறந்து வைத்த வாசலால் வேறு ஏதோ வந்துவிட்டது. அவர் கொடுத்த பெயரில்.

ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு அடியில் அப்போதுதான் அது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் விசைகள் விழும் சத்தம். அவசரமில்லாமல். ஒவ்வொரு வரி முடிவிலும் சிறு இடைவெளி விட்டு, சுண்டுவிரலால் கடைசி விசையைச் சற்று அழுத்தி. இவள் தட்டுவதும் அப்படித்தான்.

"ஆரது?" என்றாள்.

தட்டல் நின்றது. பிறகு தொடர்ந்தது. இவளுடைய திரையில் பயனாளர் பட்டியல் தானாகத் திறந்தது. அதில் மீனா என்ற பெயருக்கு நேரே முன்னறை என்றிருந்த வரி ஒவ்வோர் எழுத்தாகக் குறைந்தது. பக்கத்தில் பி வந்தது. எம் வந்தது. திரை கறுத்தது. மீண்டும் உள்ளே போகத் தன் பெயரைத் தட்டினாள்.

அப்படி ஒருவர் இல்லை.

இன்னொரு தரம் தட்டினாள்.

அப்படி ஒருவர் இல்லை.

இடுப்பைத் தடவினாள். திறப்புக்கொத்து இல்லை. திரும்பினாள். ஆமைப்பூட்டு நிலத்தில் கிடந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பச்சை வெளிச்சம். கதிரை பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம்.

வெளியே ஓடினாள். முற்றம். வெயில். வாசற்படலையடியில் செபஸ்தியம்மா, கையில் குடையும் பையும். இவளுக்கு உயிர் வந்தது போலிருந்தது.

"அக்கா! உள்ளுக்கை போகாதேங்கோ! அக்கா!"

செபஸ்தியம்மா இவளைப் பார்த்தாள். இல்லை, இவளுக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தாள். "மீனா! எங்க பிள்ளை, ஒருத்தரையும் காணேல்லை?" என்று கூப்பிட்டாள். இவள் எட்டி அவளுடைய கையைப் பிடித்தாள். செபஸ்தியம்மா காற்று என்று நினைத்தோ என்னவோ, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இஞ்சதான் அக்கா. வாறன்."

வீட்டுக்குள்ளிருந்து வந்தது மீனலோசனியின் குரல்.

படியால் ஒரு பெண் இறங்கி வந்தாள். இவள் உடுத்திருந்த அதே ஊதாச் சேலை. இடுப்பில் திறப்புக்கொத்து. விரல் நுனியில் ஈரம் காயாத பேனா மை. இவளைக் கடந்து போகையில் ஒரு கணம் நின்று, இவள் முகத்தை நேராகப் பார்த்தாள். அங்கே அவள் ஒருத்தி மட்டும்தான் இவளைப் பார்த்தாள். பிறகு செபஸ்தியம்மாவிடம் பார்சலை நீட்டினாள்.

"கையெழுத்தெல்லாம் வைச்சு முடிச்சிட்டீரோ?" என்று கேட்டாள் செபஸ்தியம்மா.

"ஓம் அக்கா. ரெண்டு பேரும் வைச்சாச்சு."