உச்சித்தளத்துப் பால்

திங்கட்கிழமைதோறும் செங்கோடன் புதிய வீட்டில் பால் காய்ச்சினான். வீடுதான் புதிது, பாயும் பாத்திரமும் பழையவை. தளவார்ப்பி என்னும் இயந்திரம் வாரந்தோறும் கோபுரத்தின் தலையில் ஒரு தளத்தை வார்த்து முடிக்கும். உடனே செங்கோடனும் அவன் மனைவி தெய்வானையும் மூட்டையோடு அதில் ஏறிக் குடிபுகுவார்கள். பால் எந்தத் திசையில் பொங்குகிறது என்று முன்னோர் பார்த்தார்களாம். இங்கே காற்று கோபுரத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறதோ அந்தப் பக்கமே பொங்கும்.

“பொங்கிருச்சுங்களா?” என்றாள் தெய்வானை. இரு கைகளாலும் சுவரைப் பற்றியபடி மூலையில் அமர்ந்திருந்தாள். கோபுரத்தின் ஓயாத ஆட்டம் அவளுக்கு அசைவுநோயைக் கொடுத்திருந்தது. தரையில் கால் பதிந்தால் மட்டுமே தலைசுற்றல் நிற்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“இன்னுமில்ல அம்மிணி.”

“இன்னிக்கு முடிவு சொல்லீருவாங்கல்ல?”

“சொல்லீருவாங்க. மைசூரத் தாண்டிட்டமாம். கொச்சிக்காரங்க மட்டுந்தான் மிச்சம்.”

“பாவம், அங்கயும் ஒருத்தி இப்பிடித்தான் செவுத்தப் புடிச்சுட்டு உக்கோந்திருப்பா.”

“அவ அடுப்பு அணைஞ்சா நமக்கு நல்லதுங்கறாங்க.”

“வாயக் கழுவுங்க.”

கோயம்புத்தூர் தனக்கு நிகரான ஊர்களுக்கு ஈடுகொடுக்கிறதா என்பதை ஒப்பளவை மன்றம் ஆண்டுதோறும் கணித்தது. ஐந்து நகரங்கள் சேர்ந்தது ஓர் அணி. அவை ஒன்றுக்கொன்று ஒப்பூர்கள். எந்த ஊரின் கோபுரங்கள் உயர்ந்தனவோ, அந்த ஊருக்குப் பொது நீர்வலையில் பெரும்பங்கு. தொடக்கத்தில் எல்லா ஊரும் வெற்றுக்கூடுகளைக் கட்டி ஏமாற்றின. ஆகவே, அடுப்பெரியும் தளமே தளம் என்று மன்றம் விதி செய்தது. காலைதோறும் வெப்பவிழி என்னும் செயற்கைக்கோள் ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியடுப்பையும் பார்த்துச் செல்லும். உச்சியில் அனல் இல்லையென்றால் அந்தக் கோபுரம் முழுவதுமே கணக்கில் இல்லை. கீழ்த்தளங்கள் அனைத்திலும் அன்று குழாய் வறண்டுவிடும்.

ஊர் முதலிடம் பெற்றால் உச்சிக்குடும்பம் தரைக்கு இறங்கலாம், அதுவரை இருவரில் ஒருவரும் இறங்கக் கூடாது என்பது ஒப்பந்தம். மாற்றாக வர வேறு எவரும் முன்வரவில்லை. தெய்வானை தன் செருப்பைத் துடைத்து, ஒரு துணிப்பையில் முடிந்து வைத்திருந்தாள். வீட்டை விட்டு எங்கும் போக முடியாத உச்சித்தளத்தில் செருப்புக்கு வேலையில்லை.

லிஃப்ட் வந்து நின்றது. குடியிருப்பு அலுவலர் ஷாகிரா கையில் ஜிலேபிப் பொட்டலத்துடன் உள்ளே வந்தார். தரை ஆடியதும் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“மொத எடமுங்க. கொச்சி ரெண்டாவது.”

தெய்வானை அன்று முதன்முறையாகச் சுவரிலிருந்து ஒரு கையை எடுத்தாள். அந்தக் கையால் துணிப்பையைத் துழாவி மடியில் வைத்துக்கொண்டாள்.

“லிஃப்ட் நிக்குதுங்களா? இப்பவே போலாமுங்களா?”

ஷாகிரா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. “ஒரு விசயஞ் சொல்லோணுமுங்க அக்கா. மொத எடம் வந்த ஊரு பழைய அணியில இருக்கக் கூடாதாம். நம்மள மேலணிக்குத் தூக்கிட்டாங்க.”

“மேலணியில யாருங்க?” என்றான் செங்கோடன்.

“ஷாங்காய், துபாய்… அப்பிடிப் பெரிய ஊருகதானுங்க. பெருமைதான்னு மேயரு பேசிட்டிருக்காரு.”

“அதுல நாம எத்தனாவதுங்க?”

“கடைசி.”

காற்று சன்னலை அறைந்தது. செங்கோடன் மெல்லச் சொன்னான்: “மொத எடம் வந்தா எறங்கலாமுன்னு கையெழுத்து வாங்குனீங்களே.”

“இப்ப நாம மொத எடத்துல இல்லீங்களே அண்ணா.” ஷாகிரா தலை குனிந்துகொண்டார். “எங்கூடும் இதே கோபுரந்தானுங்க. எம்புள்ள குடிக்கறதும் உங்க அடுப்புத் தண்ணிதான். நான் என்ன பண்ணட்டும்?”

அவர் பொட்டலத்தை அடுப்பருகே வைத்துவிட்டுப் போனார். லிஃப்ட் இறங்கும் ஓசை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைய வெப்பவிழி இன்னும் கடக்கவில்லை. பால் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. செங்கோடன் அடுப்பின் திருகில் கையை வைத்தான். பாதி திருகியபோது சுடர் நீலமாய்ச் சுருங்கியது. ஒரே ஒரு நாள் குழாய்கள் வறளட்டும். மேலே இருவர் இருப்பது கீழே உள்ளவர்களுக்கு நினைவு வரட்டும்.

“வேண்டாமுங்க,” என்றாள் தெய்வானை. “எல்லாரும் கொடத்த வெச்சுட்டுக் காத்துட்டிருப்பாங்க.”

“உனக்காக ஒருத்தரும் மேல வரலியே.”

“வந்தா அவங்க செவுத்தப் புடிச்சுட்டு உக்காரோணும். அதுக்கு நானே உக்கோந்துக்கறேன்.”

அவன் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். தெய்வானை மடியிலிருந்த துணிப்பையை அவனிடம் நீட்டினாள். “இத லிஃப்டுல கீழ அனுப்பிருங்க. யாருக்காவது ஆகும்.”

அவன் அதை வாங்கிக்கொண்டான். எங்கும் வைக்கத் தோன்றாமல் நின்றான். தெய்வானை மீண்டும் இரு கைகளையும் சுவரில் பதித்தாள். கூரைக்கு மேல் தளவார்ப்பி உறுமத் தொடங்கியது. இம்முறை ஓர் இயந்திரம் அல்ல, இரண்டு. கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து, மீளத் தாமதித்து, மறுபக்கம் சாய்ந்தது. பால் இரு பக்கமும் பொங்கி வழிந்தது. வெப்பவிழி அனலைப் பார்த்துக் கடந்தது. கீழ்த்தளங்கள் எங்கும் தண்ணீர் வந்தது.