அம்மா காட்டிய சிவப்புப் புள்ளி

வீட்டில் அவளை ‘மிளகாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் காரம். ஆனால் அன்று வகுப்பில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வானாய்வு மையத்தில் வேலை. தொலைநோக்கி எடுத்த படங்களை அலசிப் பார்ப்பார். டீச்சர் அழைத்ததால் வகுப்புக்கு வந்து, திரையில் ஒரு படம் காட்டினார். நடுவில் மங்கலாக ஒரு வட்டம், பக்கத்தில் சின்னச் சிவப்புப் புள்ளி.

“இந்த வட்டம் பழுப்புக் குள்ளன். நட்சத்திரமாக முடியாம பாதியிலயே நின்னுபோச்சு. அந்தப் புள்ளி, இதைச் சுத்துற கிரகம். வியாழனைவிடப் பெருசு.”

“யாரோ தக்காளியைக் கடிச்சப்போ தெறிச்ச மாதிரி இருக்கு,” என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மிளகாயும் சிரித்தாள். அம்மா அவளைத்தான் பார்த்தார். பிறகு பேச்சைச் சுருக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா திட்டவில்லை. “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” என்றுதான் கேட்டார். மிளகாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“அது கிரகம்தான்னு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“ஒரு வருஷம் கழிச்சு மறுபடி படம் எடுத்தோம். ரெண்டும் சேர்ந்தே நகர்ந்திருந்துச்சு. தூரத்துல இருக்கிற வேற நட்சத்திரமா இருந்தா கூடவே வந்திருக்காது. வீட்டுக்கு ஓடிவந்து முதல்ல உன்கிட்டதான் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்காது.”

உண்மைதான். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் டீச்சரிடம் அனுமதி கேட்டு, வகுப்பின் ஜன்னல்களைச் சாத்தினாள். ஒரு கையில் டார்ச். மறு கையில் தம்பியின் பொம்மைக் கார், அதில் கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது. காரை மேசைமேல் வைத்து, அதை ஒட்டி டார்ச்சைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினாள்.

“கார் விளக்கு தெரியுதா?”

“கண்ணு கூசுது. ஒண்ணும் தெரியல.”

டார்ச்சின் மேல் பழுப்புக் காகிதத்தை மடித்துச் சுற்றினாள். வெளிச்சம் மங்கியது.

“இப்பத் தெரியுது,” என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

“பழுப்புக் குள்ளன் இப்படித்தான் மங்கல். அதனாலதான் பக்கத்துல இருக்கிற கிரகத்தையே படம் பிடிக்க முடிஞ்சுது. அதை எங்கம்மா கண்டுபிடிச்சாங்க. நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

அவன் தலையைச் சொறிந்தான். “உங்கம்மா மறுபடி வருவாங்களா?”

மாலையில் அதை அம்மாவிடம் கேட்டாள். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“மறுபடியும் சிரிச்சா?”

“அவங்க சிரிச்சா சிரிக்கட்டும். நான் உன் பக்கத்துலயே நின்னுக்கறேன்மா.”

அம்மா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “எந்தக் கிழமை வரணும்னு டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வா,” என்றார்.