மேல்மூடியைச் சாத்தியவர்

ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்னால், அடையாறு கடலைத் தொடும் இடத்தில், ஸ்ரீநாத்தின் பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது. மந்தைவெளியில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி பட்டப்பகலிலேயே தயங்கித் தயங்கி அதில் ஏறினார். பேட்டரி மாற்ற வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே, அந்தப் பயம்தான் அவரை இழுத்து வந்தது.

போன ஐப்பசியில் இதே படகில்தான் தங்கை புருஷன் சக்திவேல் செத்தான். பேட்டரி சார்ஜ் ஏறும்போது வாயு கிளம்பும். எரிகிற வாயு. அடியறைக்கு இருப்பது ஒரே ஒரு மேல்மூடி. அதைத் திறந்தே வைக்க வேண்டும். அன்றைக்கு சக்திவேல் உள்ளே சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பேட்டரி நனையக் கூடாதென்று, மேலே நின்ற கணேசமூர்த்தி, "அஞ்சு நிமிஷம்தான் மாப்ள" என்று மூடியைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார். உள்ளே சார்ஜர் கிளிப் உரசி ஒரு பொறி பறந்தது, அடைந்திருந்த வாயு வெடித்தது. அவ்வளவுதான்.

"உள்ள பீடி பத்தவெச்சிட்டாம்மா" என்று தங்கை ஸ்வர்ணலதாவிடம் வாய் கூசாமல் சொன்னார். அவளும் அதை நம்பி, புருஷன் படத்துக்கு ஒரு முழம் பூகூடப் போடாமல் இருந்தாள். பாவி மனுஷன், அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

ஸ்ரீநாத் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கணேசமூர்த்தி மேல்மூடியை இழுத்துப் பிடித்து, கயிற்றால் இரண்டு முடிச்சு போட்டுக் கட்டிவிட்டு இறங்கினார். மூன்றும் புது பேட்டரிகள். அடைப்பான்களைத் திருகி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜரைப் போட்டார்.

குபுகுபுவென்று ஆசிட் குமிழியிட்டது. அழுகிய முட்டை வாடை அடித்தது. புது பேட்டரிக்கு இந்த வாடை வராதே!

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

"மச்சான்..."

அவர் திரும்பவில்லை.

"மழை வருது மச்சான். மூடிடவா?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மேலே முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

மூடி சாத்திக்கொண்டது.

கும்மிருட்டு. தோளால் முட்டிப் பார்த்தார், அசையவில்லை. சார்ஜரை நிறுத்தக் கை வரவில்லை. சுவிட்சிலும் பொறி வருமே. குமிழிச் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"இன்னா செய்யணும், சொல்லுடா மாப்ள. உன் கால்ல விழறேன்."

"அவகிட்ட சொல்லு."

குரல் காதோரத்திலேயே கேட்டது. நங்கநல்லூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

"ஸ்வர்ணா, நான்தாம்மா மூடுனேன். மாப்ள பீடியே தொடல. நான் சொன்னது பொய்ம்மா!"

மூடி மெல்லத் திறந்து வெளிச்சம் வந்தது. விழுந்து எழுந்து மேல்தளத்துக்கு வந்து, குழந்தை மாதிரி அழுதார். போன் இன்னும் காதில் இருந்தது.

"தெரியும்ணே," என்றாள் ஸ்வர்ணலதா.

"எப்படிம்மா?"

"காலைலதான் அவரு சொன்னாரு. இங்கதான் உக்காந்துகினு கீறாரு. இரு, அவருகிட்டயே தரேன்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது.