கூட இருப்பவர்

பாராட்டு வாங்கத்தான் அவள் அந்தப் பழைய மருத்துவமனைக்கு வந்தாள். பிற்பகல். வார்டில் பினாயில் வாடை. மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது.

மாத்திரை கொடுக்க நர்ஸ்கள் பார்க்கும் திரை, அவள் எழுதிய புரோகிராம். முன்பு அது ஆமை வேகம். நோயாளிகள் ஓர் அட்டவணையில், கூட இருக்கும் உறவினர்கள் இன்னொன்றில். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகப் போய் உறவினரைத் தேடிவரும். பத்துக் காய் வாங்கப் பத்துமுறை கடைக்கு ஓடுகிற கதை. போன வாரம் இரண்டையும் இணைத்து ஒரே தேடலாக்கினாள். இப்போது கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"இப்ப பறக்குதும்மா," என்று சொல்லிவிட்டுத் தலைமை நர்ஸ் மருந்துத் தட்டோடு அடுத்த அறைக்குப் போனார்.

மூலைக் கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் மெல்லக் கூப்பிட்டார்.

"அம்மாடி, எனக்கு மட்டும் மாத்திரை வரல."

திரையில் தேடினாள். மூலைக் கட்டிலே இல்லை.

"கூட யாரு இருக்காங்க ஐயா?"

"யாருமில்ல."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

இரண்டு அட்டவணையிலும் இருப்பவர் மட்டுமே வரும்படி இணைத்திருந்தாள். உறவினர் இல்லையென்றால் நோயாளியும் இல்லை. கற்றுக்குட்டி செய்கிற பிழை. சோதித்துப் பார்க்கையில் எல்லோருக்கும் ஓர் அம்மாவையோ அண்ணனையோ எழுதி வைத்திருந்தாள். யாருமற்ற ஒரு மனிதர் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஓடிப்போய் நர்ஸை அழைத்துவந்தாள்.

மூலைக் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது.

"அவரு முந்தாநாளே போயிட்டாரும்மா," என்றார் நர்ஸ், குரலைத் தாழ்த்தி. "இதய நோய். எனக்குப் பதிலா வந்த பொண்ணு மாத்திரையே கொடுக்கல. திரையில பேரு இல்லன்னு அழுதா, யாரும் நம்பல. அவளுக்கு வேலை போயிடும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் தப்பு என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. "ஒரு சின்னத் திருத்தம் இருக்கு," என்று முணுமுணுத்து, கணினி முன் குனிந்துகொண்டாள். வெட்கத்தில் முகம் எரிந்தது. உறவினர் இல்லாதவரும் வரும்படி, யாருக்கும் தெரியாமல், அவசரமாக மாற்றினாள்.

பட்டியல் வந்தது.

இறந்தவர் பெயர் அதில் வரக்கூடாது. வந்தது.

கூட இருப்பவர் என்ற இடத்தில் அவளுடைய சொந்தப் பெயர். உறவு: மகள்.

அழித்தாள். மறுபடி திறந்தாள்.

மகள்.