லூர்தம்மாளின் கிரைண்டர்

ஏசுதாஸ் சமையலறைக்குள் பூட்ஸோடு நின்றிருந்தான். கிளாராவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கம்பெனியில் கொடுத்த, முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ். மாதா படம் மாட்டியிருக்கிற அறைக்குள் செருப்போடு வந்தாள் என்று போன மாசம் அவளை அறைந்தவனே அவன்தான்.

எண்பத்தி மூன்று ஐப்பசி, சனிக்கிழமை சாயங்காலம். சேரப்பணஞ்சேரி முழுக்க மழை இருட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வருஷமாகக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்த கிரைண்டரைத் தூக்கிவந்து வைத்திருந்தான். அவனுடைய முதல் சம்சாரம் லூர்தம்மாள் இதில் மாவு தள்ளும்போதுதான் கரண்ட் அடித்துச் செத்தாள். ஈரக் கையோடு தொட்டாள் என்று ஊருக்குச் சொன்னான். புளித்த மாவு வாடையும், அதற்கடியில் மயிர் கருகின வாடையும் அந்தக் கல்லிலிருந்து கிளம்பி, கழுவக் கழுவப் போகாமல், கிளாராவின் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

அவன் கம்பெனியில் ஒயர்மேன். ஸ்குரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு பிளக்கைத் திறந்தான். பம்புசெட் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் கிளாரா. பச்சை ஒயர் மண்ணுக்குப் போகவேண்டும், உயிரை எடுக்கிற கரண்ட் சிவப்பில்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் பச்சையை நறுக்கி எறிந்தான். சிவப்பிலிருந்து ஒரு துண்டு இழுத்து, கிரைண்டரின் இரும்புச் சட்டத்தில் முடுக்கினான்.

நேற்று உதை வாங்கிக்கொண்டே, "எங்க அண்ணனுங்களுக்கு ஆளனுப்பறேன், உன்ன சும்மா வுட மாட்டாங்க" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். அவன் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பாவி, அப்பவே புரிந்திருக்க வேண்டாமா!

"இன்னாடி பாக்கற? வந்து மாவத் தள்ளு."

"இன்னிக்கி வேணாங்க. நான் உரல்லயே ஆட்டிடறேன்."

கதவைத் தாழ்போட்டான். ஊறின உளுந்தை அவனே அள்ளிப் போட்டான். ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தான். அவள் வெறுங்கால் சில்லிட்டது. சுவிட்சைத் தட்டினான். கல் உறுமிக்கொண்டு சுற்றியது.

"இந்த விளிம்ப நல்லா புட்ச்சிக்கினு தள்ளு. உள்ளங்கையால."

ஒயர்மேன்கள் எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார்கள். கரண்ட் இருந்தால் கை விலகிக்கொள்ளும். உள்ளங்கை என்றால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. கல்யாணமான புதிதில் அவனே பெருமையாகச் சொன்னதுதான்.

"மாட்டேன்."

கொண்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்தது. ரத்தம் உளுந்தில் சொட்டியது. கையை முறுக்கி விளிம்புப் பக்கம் இழுத்தான். ஒரு சாண். நாலு விரற்கடை. மாதாவே!

விளக்கு அணைந்தது.

பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. தெருவுக்கே கரண்ட் போயிருந்தது. கிரைண்டர் மட்டும் நிற்கவில்லை.

"எங்கேர்ந்துடா வருது..." அவன் அவளை விட்டான். பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். அது அவள் காலடியில் வந்து விழுந்தது.

கல் சுற்றியது. இன்னும் வேகமாக. மாவுக்குள் தப், தப் என்று ஏதோ தட்டியது.

பழக்கம் விடுமா? குனிந்து சட்டத்தைப் புறங்கையால் தொட்டான். ஒன்றுமில்லை. கரண்டே இல்லை. மூச்சு விட்டான்.

ஜன்னலில் மின்னல் வெட்டியது. மாவிலிருந்து ஒரு கை எழுந்தது. உள்ளங்கை நடுவில் கருகின கோடு. அவன் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் மடங்கின. விடவில்லை.

"லூர்து... வேணாம் லூர்து..."

எலும்பு நொறுங்கியது. முழங்கை வரை. தோள் வரை. கத்தினான். அப்புறம் கத்தவில்லை.

கிளாரா தடவித் தடவித் தாழ்ப்பாளைத் திறந்தாள். மங்கலான வெளிச்சம் உள்ளே விழுந்தது. திரும்பிப் பார்த்திருக்கக்கூடாது.

பூட்ஸ் இரண்டும் தண்ணீரில் நேராக நின்றிருந்தன. மேலே ஆள் இல்லை. கல் சுற்றிக்கொண்டே இருந்தது. விளிம்பில் சிவப்பாக வழிந்த மாவை அந்தக் கை, அவசரமே இல்லாமல், உள்ளங்கையால் வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.