சிவப்பு சுவிட்ச்

"கிக்கரு இன்னா பாவம் பண்ணுச்சு சார்? இந்த ஒதை ஒதைக்கிறீங்க..."

வேலப்பன்சாவடி மேம்பாலத்துக்கு அடியில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்திலிருந்து வந்தது அந்தக் குரல். நின்றுபோன பைக்கை உதைத்துக்கொண்டிருந்த ஜெகதீசன் எரிச்சலோடு திரும்பினான். கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டை, கையில் உதிரிப் பாகங்கள் நிறைந்த பை, நெற்றியில் ஒட்டிய ஈர முடி... அதற்குக் கீழே, சிரிப்பை மறைக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"தண்ணில வுட்டு வந்தேங்க. நின்னுட்ச்சு."

"நவுருங்க. நான் மெக்கானிக்கு."

அவன் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போனது. குமணன்சாவடியில் லோகநாதனின் பட்டறையில் நான்கு வருடமாக வேலை பார்க்கும் நாகவல்லிக்கு அந்தச் சந்தேகம் பழகிப் போனதுதான். இன்று மட்டும் ஏனோ சுருக்கென்றது. இரு, காட்டுகிறேன்...

வலது கைப்பிடியில், இன்ஜினை அணைக்கும் சிவப்பு சுவிட்சை முதலில் தட்டி அணைத்தாள். பட்டறைக்கு வந்த முதல் வாரமே பிளக் வயரைத் தொட்டு ஷாக் அடித்து விழுந்தவள். அன்றிலிருந்து எந்த வண்டியானாலும் அந்தச் சுவிட்சை அணைக்காமல் உள்ளே கை வைப்பதில்லை. பிளக்கைக் கழற்றினாள். மூடியில் கோத்திருந்த தண்ணீரைச் சட்டை நுனியால் துடைத்தாள். பிளக்கை மறுபடி மூடியில் செருகி, இன்ஜின் மேல் சாய்த்து வைத்தாள்.

"இப்ப ஒதைங்க. இந்த முனைல நீலமா கரண்டு வரணும்."

உதைத்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தலையோடு தலை இடிக்கும் நெருக்கம்... அவன் இமையில் நின்ற ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு விழுந்தது. பொறி வரவில்லை.

பிளக்கில் வரவில்லை... அவ்வளவுதான்.

"கரண்டு குடுக்கிற காயில் போச்சு," என்று பிளக்கைத் திருப்பி மாட்டிக்கொண்டே அடித்துச் சொன்னாள். "பட்டறைக்குத் தள்ளிகினு போனாத்தான் ஆவும். எங்கனா அவசரமா போறீங்களா?"

"ஆவடிக்கு. ஊட்ல எல்லாரும் முன்னாடியே கார்ல போயிட்டாங்க."

"அப்ப நீங்க ஆட்டோ புட்ச்சி போங்க. வண்டிய நான் தள்ளிக்கிறேன்."

ஜெகதீசன் கைப்பிடியைப் பிடித்தான். ஒரு நொடி குனிந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இல்ல... நானே தள்றேன். நீங்க கூட வந்தா போதும்."

முக்கால் மணி நேரம். மழை விட்டு விட்டுப் பெய்தது. நூம்பலில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை என்று சொன்னான்.

"இன்னா வேலை?"

"செஞ்சு வர்ற சாமான்ல தப்பு கீதான்னு பாக்கறது."

"ஐயோ... உங்க கண்ல மாட்டுனா அவ்ளோதான்."

அவன் தலையைக் குனிந்து வண்டியைத் தள்ளினான். காது மட்டும் சிவந்தது.

மறுநாள் காலை, காயிலைக் கழற்ற உட்கார்ந்தாள் நாகவல்லி. கை பழக்கப்படி சிவப்பு சுவிட்சுக்குப் போனது... சுவிட்ச் ஏற்கனவே அணைந்திருந்தது.

பாலத்துக்கு அடியில் அணைத்தது. அவளே அணைத்தது. அதைப் போடாமலே அவனை உதைக்கச் சொல்லி, கரண்டு வரவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சுவிட்சைப் போட்டு ஓர் உதை உதைத்தாள். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. லோகநாதன் டீ குடிக்கப் போயிருந்தார், யாரும் பார்க்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

மாலையில் ஜெகதீசன் வந்தபோது, "காயில் ஒயரு லூசு... சரி பண்ணிட்டேன்," என்றாள். வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

"கைராசிக்காரப் பொண்ணு சார் இது," என்றார் லோகநாதன் பெருமையாக. "ஆமா, நேத்து ஆவடில இன்னா விசேஷம்?"

அவன் தரையைப் பார்த்தான். "பொண்ணு பாக்க... போவ முடில. அம்மா என்கூட பேசறதில்ல."

நாகவல்லிக்குக் கையிலிருந்த ஸ்பானர் கனத்தது. அங்கே ஒருத்தி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடம் முன்பு நாகவல்லியும் அப்படி உட்கார்ந்தவள்தான். மாப்பிள்ளை வீட்டார் வரவேயில்லை. அந்த வலி தெரிந்தும், அவன் 'போவ முடில' என்றதும் நெஞ்சின் ஓரத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததே... சீ.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டறை நோட்டில் இருந்த விலாசத்தைப் பார்த்து நூம்பலுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அவன் அம்மா பொன்னம்மாள்.

"உங்க புள்ள வண்டிய பாத்த மெக்கானிக்கு நான்தாம்மா. வண்டில ஒண்ணும் போவல. நானே சுவிட்ச அணைச்சிட்டு, கரண்டு வரலன்னு சொல்லிட்டேன். அப்பறம் தெரிஞ்சும் பொய் சொன்னேன். அவர் மேல தப்பு இல்ல. ஆவடிக்காரங்ககிட்ட என் பேரையே சொல்லிடுங்க..."

அவள் தலை நிமிரவில்லை. லோகநாதனிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்... வேலை போனாலும் போகட்டும்.

உள்ளேயிருந்து ஜெகதீசன் வந்து நின்றான். அவன் முகம் அவளுடையதைவிட வெளுத்திருந்தது.

"அம்மா... சுவிட்ச் ஆஃப்ல கீறத நான் அப்பவே பாத்தேன்."

"எப்ப?"

"தள்றதுக்கு கைப்பிடிய புட்ச்சப்பவே."

"பாத்துட்டுமாடா அவ்ளோ தூரம் தள்ளிகினு போனே?"

"போட்டா... ஸ்டார்ட் ஆயிடும்மா."

பொன்னம்மாள் மகனைப் பார்த்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்தாள். யாரைத் திட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஆவடில காத்துகினு இருந்த அந்தப் பொண்ணு இன்னாடா பண்ணுச்சு உன்ன? இப்பவே ஆவடிக்குப் போ. அவ அப்பன் கால்ல வுழுந்தாலும் சரி, உண்மைய சொல்லிட்டு வா. மத்தத அப்பறம் பேசிக்கலாம்." உள்ளே திரும்பியவள் நின்றாள். "நீ வெயில்ல நிக்காதம்மா. உள்ள வா."

நாகவல்லி உள்ளே போகவில்லை. வண்டியை எடுக்க வாசலுக்கு இறங்கிய அவனிடம் போனாள்.

"நீங்க அங்க போவலன்னு சொன்னப்ப... எனக்கு சந்தோசமா இருந்துச்சு. பொய் சொன்னதவிட அதான் அசிங்கமா கீது."

"எனக்கும் அசிங்கமாத்தான் கீது. முக்கா மணி நேரம்... எப்ப சொல்லலாம், எப்ப சொல்லலாம்னே வந்தேன். சொன்னா நீங்க போயிடுவீங்களே." அவன் குரல் தாழ்ந்தது. "அங்க போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வரேன். உங்களப் புடிச்சிருக்குன்னும் சேத்துதான் சொல்லணும். அதுவரைக்கும் இருப்பீங்களா?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். கை நீட்டி, சிவப்பு சுவிட்சைப் போட்டாள். சரியாகப் போட்டோமா என்று இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டாள்.

"இருக்கேன். இப்ப ஒதைங்க."